மாயா நகரங்கள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: வரும் ஜனவரியில் ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கிருந்து ஒரு வாரம் ஒதுக்கி மாயா நாகரிகத்தின் இடிபாடுகளைப் பார்த்துவரலாம் என்று ஏற்பாடு. எல்லோரும் சிச்சென் இட்சாவைத்தான் சொல்கிறார்கள். நான் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் எனக்கு ஆர்வமில்லை. கட்டியவர் யார், எந்தக் குலம் என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும். மாயா பேரரசின் தலைநகர் எது? அரசர்களின் பெயர்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? எல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் வேலை என்கிறார் மருமகன். அவருக்கு என்ன சொல்வது? எனக்கு முழங்கால் வலி உண்டு, அதிகம் படியேற முடியாது.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தலைநகர் என்று ஒன்று கிடையாது அம்மா. மாயா பேரரசு என்று ஒன்று இருந்ததே இல்லை. இன்றைய தென் மெக்சிகோ, குவாத்தமாலா, பெலீஸ், ஹோண்டுராஸ் நாடுகளில் சிறிதும் பெரிதுமாகப் பல நகர அரசுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி அரச குலம், தனி முத்திரை, தனிப் பகை. கி.பி. 250 முதல் 900 வரையிலான செவ்வியல் காலத்தின் பெரும்பகுதியில் டிக்கால் ஒரு கட்சி, பாம்பை முத்திரையாகக் கொண்ட கலக்முல் அரசர்கள் எதிர்க்கட்சி. சின்ன ஊர்கள் காற்றடிக்கும் பக்கம் சாய்ந்துகொண்டன. கோப்பான் ஊரில் 731-இல் நாட்டப்பட்ட ஒரு நெடுங்கல், கோப்பான், டிக்கால், கலக்முல், பலென்கே என்று நான்கு ஊர்களின் முத்திரைகளை ஒரே மூச்சில் அடுக்குகிறது. அந்தக் காலத்து ஆட்களே நான்கைச் சொல்லும்போது நாம் ஒன்றைத் தேடுவது வீண்.

ஆகவே ஒரு வாரத்தில் பத்து ஊர் சுற்றாதீர்கள். ஒன்றோடொன்று சண்டை போட்ட இரண்டு ஊர்களைப் பாருங்கள் என்பது என் யோசனை: ஹோண்டுராஸில் கோப்பான், எல்லைக்கு அந்தப் பக்கம் குவாத்தமாலாவில் கிரிகுவா. இரண்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர்தான். இரண்டிலும் படியேறாமலே பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். சிச்சென் இட்சா பெரிய ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசர் வரிசையைக் கல்லில் எழுதிவைத்த ஊர்களைத் தேடுகிற உங்களுக்கு அங்கே தீனி குறைவு.

கோப்பானில் முதலில் பார்க்க வேண்டியது பிரமிடு அல்ல, 16-ஆம் எண் கோயிலின் முன்னால் இருக்கும் ஒரு சதுரக் கல். ஆய்வாளர்கள் அதை ‘கியூ பலிபீடம்’ என்று அழைக்கிறார்கள். நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு நான்கு பேராக, 16 பேர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இதை வானியல் அறிஞர்களின் மாநாடு என்றே விளக்கினார்கள்! உண்மையில் அது கோப்பானின் வம்சாவளி. ஒவ்வோர் அரசனும் பெரும்பாலும் தன் பெயர் எழுத்தின் மீதே அமர்ந்திருக்கிறான். மேற்குப் பக்கத்தின் நடுவே இரண்டு பேர் எதிரெதிரே இருப்பார்கள். இடப்புறம் இருப்பவர் குலத்தைத் தொடங்கிய கினிச் யாஷ் குக் மோ. 426-இல் பட்டத்துக்கு வந்தவர். அவரிடமிருந்து செங்கோலை வாங்குகிறவன் 16-ஆம் அரசன் யாஷ் பாசாஹ். இருவருக்கும் இடையே முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி! 776-இல் இந்தக் கல்லைச் செய்வித்தவனும் யாஷ் பாசாஹ்தான். நடுவில் இருந்தவர்களைத் தாண்டி, மூலவர் கையிலிருந்தே ஆட்சியை வாங்கியதாக ஊருக்குக் காட்டிக்கொள்கிறான். உரிமையில் சந்தேகம் எதுவும் இல்லாதவன் இத்தனை பாடுபட்டிருப்பானா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கல்லுக்குப் பக்கத்திலேயே தோண்டியபோது ஒரு குழியில் 15 ஜாகுவார்களின் எலும்புகள் கிடைத்தன. முன்னோர் 15 பேருக்கு ஆளுக்கொன்று.

முதல் அரசரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வளையம் போட்டிருப்பார். அது வடக்கே வெகுதொலைவில் இருந்த தியோத்திவாக்கான் நகரத்தின் பாணி. வலது முன்கையில் சின்னக் கேடயம். 1990-களில் அதே கோயிலுக்கு அடியில் சுரங்கம் வெட்டிப் போனவர்கள் ஒரு கல்லறையைக் கண்டார்கள். உள்ளே வயதான ஓர் ஆணின் எலும்புக்கூடு. வலது முன்கை முறிந்து சரியாகக் கூடாமல் இருந்தது. அவர்தான் இவர் என்று ஆய்வாளர்கள் கருத அதுவும் ஒரு காரணம். சிறுவயதில் குடித்த தண்ணீரின் தடயம் பல்லில் தங்கிவிடும். அதைச் சோதித்தபோது அவர் கோப்பானில் வளர்ந்தவர் இல்லை என்றும், டிக்கால் இருக்கும் வடக்குப் பகுதியோடு தொடர்புடையவர் என்றும் தெரிந்தது. 378-இல் சியாஹ் காக் என்ற படைத்தலைவர் டிக்காலுக்கு வந்து சேர்ந்த அன்றே அவ்வூர் அரசர் இறந்துபோனதாகக் கல்வெட்டு சொல்கிறது. அடுத்த ஆண்டு தியோத்திவாக்கான் தொடர்புடைய புதிய குலம் அங்கே அரியணை ஏறியது. அந்த மாற்றத்தின் அலைதான் அரை நூற்றாண்டுக்குள் கோப்பான் வரை வந்து ஒரு குலத்தை நட்டுவிட்டுப் போயிருக்கிறது.

இனி சண்டைக்கு வருவோம். கோப்பானின் பெரிய சதுக்கத்தில் நிற்கும் நெடுங்கற்களில் அநேகம் 13-ஆம் அரசர் வாஷக்லஹூன் உபாஹ் கவீல் நாட்டியவை. இந்த ஊரில் கிடைப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய மென்மையான கல். அதனால் உருவங்களைச் சிலை போலவே ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். டிக்காலின் சுண்ணாம்புக் கல்லில் இந்தத் திரட்சியைப் பார்க்க முடியாது. இவருக்குக் கட்டுப்பட்ட சிற்றூர் கிரிகுவா. அதன் தலைவன் காக் திலிவை 725 வாக்கில் பதவியில் உட்காரவைத்ததே இவர்தான். 738-இல் அந்த ஆளே இவரைச் சிறைபிடித்துத் தலையை வெட்டினான். இதற்கு இரண்டு ஆண்டு முன்பு கிரிகுவா கலக்முல்லோடு உறவு வைத்ததற்குக் கல்வெட்டுச் சான்று இருக்கிறது. அந்த எதிர்க்கட்சியின் கை இதில் இருந்தது என்று நினைக்க நியாயம் உண்டு. கிரிகுவாக் கல்வெட்டு தலை வெட்டியதைப் பெருமையாகச் சொல்கிறது. கோப்பானில் எழுத்து வெட்டிய படிக்கட்டு ஒன்றோ அரசர் போரில் உயிர்விட்டார் என்ற தொனியில் முடித்துக்கொள்கிறது. ஒரே சாவு, இரண்டு வாசகம். வரலாறு நடத்தியவருக்கு இதைவிட நல்ல பாடப்பகுதி கிடைக்காது.

அந்தப் படிக்கட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகள். மாயா கல்வெட்டுகளில் இதுவே நீளமானது. ஆனால் பெரும்பகுதி சரிந்து கிடந்தது. அப்போது எழுத்தைப் படிக்கத் தெரியாததால், 1930-களில் கற்களை வரிசை தெரியாமலே மறுபடி அடுக்கிவிட்டார்கள். அடியில் உள்ள படிகளைத்தான் முறையாக வாசிக்க முடிகிறது.

கிரிகுவாவுக்குப் போனால் வெற்றி பெற்றவனின் மனநிலை தெரியும். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய பூங்கா. கீற்றுக் கூரைகளின் கீழ் நெடுங்கற்கள். காக் திலிவ் 771-இல் நாட்டிய ஒன்று, மண்ணுக்குள் இருப்பதையும் சேர்த்து 10.6 மீட்டர். மாயா நெடுங்கற்களில் மிக உயரமானது அதுதான். ஊரோ கோப்பானில் ஒரு மூலைக்குக் காணாது. பச்சை மணிக்கல்லும் எரிமலைக் கண்ணாடியும் போய்வந்த மோத்தாகுவா ஆற்றங்கரை வணிகம் அவன் கைக்கு வந்திருந்தது. பணம் இருந்தது, பழைய எசமானை மிஞ்ச வேண்டும் என்ற வெறியும் இருந்தது.

பெயர்கள் தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1562-இல் யுகாத்தானில் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயா நூல்களைக் குவித்து எரித்தார். அதே ஆள் எழுதிவைத்த ஒரு எழுத்துப் பட்டியலைக் கொண்டுதான், 1952-இல் யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் அறிஞர் இவை ஒலியைக் குறிக்கும் எழுத்துகள் என்று காட்டினார். மாயா மண்ணை அவர் அப்போது மிதித்ததுகூட இல்லை. ஊருக்கு ஒரு முத்திரை எழுத்து உண்டு என்பதை 1958-இல் ஹைன்ரிஷ் பெர்லின் கவனித்தார். 1960-இல் தாத்தியானா ப்ரோஸ்கூரியாகோஃப் ஓர் ஊரின் கற்களில் இருந்த தேதிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு கூட்டமும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கியது. கடவுளர் கணக்கு, நட்சத்திரக் கணக்கு என்று நினைத்திருந்தவை பிறந்த நாளும் பட்டமேற்ற நாளும் இறந்த நாளுமாக மாறின.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பலென்கேயில் பக்கால் அரசரின் கல்பேழை மூடியைத்தான் ராக்கெட்டில் போகும் மனிதன் என்று 1968-இல் எரிக் ஃபான் டேனிக்கன் எழுதினார். அந்த மூடியின் விளிம்பிலேயே பக்கால் பிறந்த நாளும் இறந்த நாளும் வெட்டப்பட்டிருக்கின்றன: பிறந்தது 603, இறந்தது 683. பேழையின் பக்கங்களில் அவருடைய முன்னோர், தாய் உட்பட, பெயரோடு செதுக்கப்பட்டிருக்கிறார்கள். இத்தனை உறவினர் விவரத்தோடு வந்த வேற்றுக்கிரகவாசி யார் என்று கேளுங்கள். இன்னொன்று, கட்டியவர்களின் வாரிசுகள் எங்கும் போய்விடவில்லை. மழை பொய்த்ததும் ஓயாத போரும் சேர்ந்து அரச குலங்களை ஓயவைத்தன, மக்கள் இருக்கிறார்கள். கோப்பானைச் சுற்றி வாழும் சோர்த்தி மக்களின் பேச்சு, அந்தக் கல்வெட்டு மொழிக்கு நெருங்கிய உறவு.

பயணத்துக்கு: ஜனவரி மழையில்லாத காலம், நல்ல தேர்வு. ஹூஸ்டனிலிருந்து குவாத்தமாலா சிட்டிக்கு விமானம். அங்கிருந்து காரில் கிரிகுவா, பிறகு எல் ஃப்ளோரிதோ எல்லை வழியாகக் கோப்பான் ருய்னாஸ் என்ற சிற்றூர். அங்கே இரண்டு இரவாவது தங்குங்கள். இடிபாடுகள் ஊரிலிருந்து நடக்கிற தூரம். வெளியே நிற்கும் கியூ பலிபீடம் நகல், அசல் பக்கத்து அருங்காட்சியகத்தில். அதை வெயிலேறிய பிறகு பார்க்க வைத்துக்கொண்டு, காலையில் சதுக்கத்துக்குப் போங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது அவசியம், இல்லாவிட்டால் கல் கல்லாகவே இருக்கும். நாள் மிஞ்சினால் குவாத்தமாலா சிட்டியிலிருந்து ஃப்ளோரெஸுக்குப் பறந்து டிக்கால் பாருங்கள். நான்காம் கோயிலுக்கு மரப்படிகள் உண்டு, ஆனால் 65 மீட்டர் உயரம். உங்கள் முழங்காலுக்கு வேண்டாம். ஹசாவ் சான் கவீல் 695-இல் கலக்முல்லை வென்றவர். அவர் கல்லறையின் மீது எழுந்த முதலாம் கோயிலைச் சதுக்கத்தில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதில் ஏற யாருக்கும் அனுமதி இல்லை. பலென்கேயை இந்த முறை விட்டுவிடுங்கள். மெக்சிகோவுக்கென்று தனியாக வரும்போது, மெக்சிகோ சிட்டி தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் பக்காலின் பச்சை மணிக்கல் முகமூடியையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.