பெண் பார்க்கும் முன் விசாவைப் பாருங்கள்

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் ஆலைகளில் வேலை பழகி ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ போன பொறியாளர்கள், கல்யாணத்துக்கென்று சில வார லீவில் குன்றத்தூர் வந்து இறங்குகிறார்கள். மண்டபமும் சமையல்காரரும் போட்டோகிராபரும் எப்போதோ பேசி முடிந்திருக்கும். மனைவியை அழைத்துப்போகும் காகித வேலையை மட்டும் “அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்று விட்டுவிடுவார்கள். அந்தக் காகிதங்களில் முக்கியமானது இங்கேதான் கிடைக்கும், அதுவும் இருவரும் ஊரில் இருக்கும்போது. ஜப்பானை வைத்தே சொல்கிறேன். மற்ற நாடுகள் மாறுபடும் இடங்களில் குறிப்பிடுகிறேன்.

உங்கள் விசா எந்த வகை?

முதலில் உங்கள் ரெசிடென்ஸ் கார்டை எடுத்துப் பாருங்கள். பட்டப்படிப்பை வைத்துப் பொறியாளர் பிரிவில் போயிருந்தாலோ, கம்பெனிக்குள்ளேயே மாறுதலாகிப் போயிருந்தாலோ மனைவியை அழைக்கலாம். தொழில்நுட்பப் பயிற்சியாளர், ‘குறிப்பிட்ட திறன் 1’ ஆகிய பிரிவுகளில் முடியாது. சம்பளம் எவ்வளவு என்பது அங்கே கேள்வியே இல்லை. ஐடிஐ, டிப்ளமோ முடித்துப் போகும் தம்பிகள் இதை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பெண் வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். “ஆறு மாசத்துல கூட்டிட்டுப் போயிடுவேன்” என்ற வாக்கை நம்பித்தான் பல பெண்கள் வேலையை விடுகிறார்கள்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரர்களுக்கும் வழியில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் இருந்து, நிலையான மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலருக்குக் குறையாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

தாலிக்கு முன் பாஸ்போர்ட்

மணப்பெண்ணிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் கல்யாணத்துக்கு முன்பே, அப்பா பெயரோடு எடுத்துவிடுங்கள். தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரம் நமக்குப் பக்கம். கல்யாணம் முடிந்ததும் கணவர் பெயரைச் சேர்க்கிறேன் என்று புது பாஸ்போர்ட்டுக்கு அலைவதால்தான் நாள் போகிறது. ஜப்பான் குடிவரவுத் துறை உறவுக்குச் சாட்சியாகக் கேட்பது திருமணச் சான்றிதழை.

நம் ஊர் இனிஷியல்தான் பெரிய தலைவலி. ஆதாரில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா சேகர், பத்திரிகையில் சே. கவிதா பி.இ. என்று ஒரே பெண் மூன்று பெயரில் இருப்பார். இங்கே யாருக்கும் அது உறுத்தாது. தோக்கியோவில் கோப்பைத் திறக்கும் அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். ஆகவே திருமணப் பதிவு விண்ணப்பத்தில் இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் ‘எச்’ கூடக் கூடாமல் குறையாமல் எழுதுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பிறகு திருத்தப் போனால், நீங்கள் அங்கே, பதிவேடு இங்கே.

முகூர்த்தம் முடிந்த வாரம்

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும்; தவறினால் தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாட்கள். உங்கள் கணக்கு அதுவல்ல, திரும்பும் விமானத் தேதி. பதிவுத்துறை இணையதளத்தில் முன்கூட்டியே விவரங்களை ஏற்றிவிட்டு, மறுவீடு முடிந்த கையோடு சாட்சிகளுடன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் போய்விடுங்கள். மலைக்கோயிலில் தாலி கட்டியிருந்தால் குன்றத்தூர் அலுவலகம். கோயில் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மண்டபம் பெண் ஊரில் என்றால் அங்குள்ள சார்பதிவாளரிடம் முதலிலேயே விசாரியுங்கள். கல்யாணப் பத்திரிகை, இருவரின் வயது, முகவரிச் சான்றுகள், புகைப்படங்கள் கையில் இருக்கட்டும்.

கொரியா போகிறவர்கள் இதே சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்க வேண்டும். முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. அமைச்சகம் நேரில் வாங்காது, அங்கீகரிக்கப்பட்ட முகமை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அமீரகத்துக்கு அப்போஸ்டில் செல்லாது. தூதரகச் சான்றொப்பம் தேவை.

நீங்கள் அங்கே, அவர் இங்கே

அடுத்த கட்டம் ஜப்பானில். உங்கள் பகுதிக் குடிவரவு அலுவலகத்தில் மனைவிக்காகத் தகுதிச் சான்றிதழ் கேட்டு நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. திருமணச் சான்றிதழின் நகல், அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, மனைவியின் புகைப்படம், உங்கள் ரெசிடென்ஸ் கார்டு நகல், வேலைச் சான்று, நகராட்சி தரும் வரிச் சான்றுகள் ஆகியவை வேண்டும். போய்ச் சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு வரிச் சான்று இருக்காது. சம்பள ரசீதுகளையும் கம்பெனிக் கடிதத்தையும் வைக்கலாம். முடிவு வர ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். வைகாசியில் கல்யாணம் என்றால், ஆடியில் தம்பதியைப் பிரித்துவைக்கும் வேலையை இந்த முறை மாமியாருக்குப் பதில் குடிவரவுத் துறையே பார்த்துக்கொள்ளும்.

2023 முதல் இந்தச் சான்றிதழை மின்னஞ்சலிலும் பெறலாம் என்பதால் கூரியர் கவலை இல்லை. ஆனால் அது மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் அவர் ஜப்பானில் கால் வைத்தாக வேண்டும். சான்றிதழ் வந்ததும் சென்னையில் வி.எஃப்.எஸ். மையம் வழியாக விசாவுக்குக் கொடுங்கள். டிக்கெட்டை விசா கைக்கு வந்தபின் போடலாம்.

இறங்கிய பிறகு

வீடு சேர்ந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதே வாரம் உங்கள் கம்பெனி மருத்துவக் காப்பீட்டிலும் அவர் பெயரைச் சேருங்கள். டிபென்டன்ட் விசாவில் வரும் மனைவி தனி அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். முழுநேர வேலை என்றால் விசாப் பிரிவையே மாற்ற வேண்டும். அதற்குப் பட்டச் சான்றிதழ் கேட்பார்கள். அதனால் அசல் சான்றிதழ்களைப் பிறந்த வீட்டு பீரோவில் விட்டுவராமல் கைப்பையில் எடுத்துவரச் சொல்லுங்கள். கார் ஓட்ட விருப்பம் இருந்தால் இந்திய லைசென்ஸையும் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே எடுக்கட்டும்: லைசென்ஸ் வாங்கியபின் மூன்று மாதமாவது இந்தியாவில் இருந்தவர்களுக்கே ஜப்பான் அதை மாற்றித் தரும்.