எலக்ட்ரோலிசிஸ்: நிரந்தரத் தீர்வும் நீண்ட பொறுமையும்

கேள்வி: தாடையில் வளரும் முடியை எலக்ட்ரோலிசிஸ் மூலம் நீக்கினால் மீண்டும் முளைக்காதா?

பதில்: செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷல், விழியை உறுத்தும் இமை முடிகளை அகற்றக் கையாண்டு 1875இல் வெளியிட்ட இம்முறையில், மயிர்க்காலுக்குள், அதாவது முடி வேர்கொண்டுள்ள நுண்குழிக்குள், மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சும்போது, வெப்பத்தாலோ அங்கு உண்டாகும் காரத்தாலோ வளர்ச்சிச் செல்கள் அழிகின்றன. இடுக்கியால் எடுக்கையில் முடி இழுபடாமல் வழுக்கி வருவது, ஊசி உரிய இடத்தை எட்டியதன் அடையாளமாகும். முழுமையாக அழிந்த வேரிலிருந்து முடி முளைப்பதில்லை. ஆயினும் முடிகள் வெவ்வேறு காலங்களில் வளர்ந்தும் ஓய்ந்தும் வருவதாலும், ஒவ்வொரு மயிர்க்காலையும் தனித்தனியே கையாள வேண்டியிருப்பதாலும், சிகிச்சை ஓராண்டுக்கும் மேல் நீள்வது இயல்பே. நிறமியை நம்பியிருக்கும் லேசருக்கு அகப்படாத நரைமுடியையும் இது நீக்கும் என்பது பெருஞ்சிறப்பு. சுருக்கென்ற வலியும், பின்னர் சில மணி நேரச் சிவப்பும் வீக்கமும் எதிர்பார்க்கத்தக்கவை. தடித்த தழும்பு உண்டாகும் உடல்வாகினரும் பேஸ்மேக்கர் பொருத்தியோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் கட்டாயம். மாதவிடாய் ஒழுங்கின்மையும் உடனிருப்பின், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையால் புதிய முடிகள் தோன்றிக்கொண்டே இருக்கக்கூடும் என்பதால், முதலில் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்வதே முறையாகும்.