காய்ச்சல் விட்டதும் மலை ஏறலாமா?

காய்ச்சல் விட்ட மறுநாளே மலைக்குப் போகிறோம்; பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஆனால் காய்ச்சல் விடுவது வேறு, உடல் தேறுவது வேறு. பசறை, நமுனுகுல சரிவுகளில் கொழுந்துக்கூடை சுமப்பது கடும் உடற்பயிற்சியே.

2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டது. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களே ஆபத்தானவை. அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு, மயக்கம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிக்குன்குனியாவில் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். சில வைரஸ்கள் இதயத்தசையையும் தாக்கும். அந்நிலையில் கடும் உழைப்பு உயிருக்கே ஆபத்து.

படிப்படியாகத் திரும்புவோம்:

1. குளிப்பது, சமைப்பது போன்றவை களைப்பின்றி முடியும்வரை லயத்திலேயே ஓய்வு.

2. பிறகு சமதளத்தில் பத்து நிமிட நடை. மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும்.

3. அடுத்துச் சில நாட்கள் இலகுவான வேலை. செங்குத்து மலையும் நிறைகூடையும் கடைசியில்தான்.

4. மறுநாள் களைப்புக் கூடினால் ஒரு படி பின்வாங்குங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, தலைச்சுற்று வந்தால் வேலையை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

கலந்துரையாட:

நோயிலிருந்து தேறும் தாய்க்கு இலகுவான வேலை கிடைக்க மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் துரையிடம் எப்படிப் பேசலாம்? அந்நாட்களில் அவளுடைய வீட்டுவேலையை யார் ஏற்பது?