பழைய கணினியில் கிடக்கும் தமிழை மீட்க: 8 குறிப்புகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சனசமூக நிலையத்து அங்கத்தவர் பட்டியலோ, கோயில் உபயகாரர் விபரமோ, பாடசாலைப் பழைய மாணவர் முகவரிகளோ எதை எடுத்தாலும், இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் பொறுமையாக இருந்து கணினியில் ஏற்றியதுதான். இனியும் அது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

1. எதைத் தொடுவதற்கு முன்னும் கோப்பைப் பிரதி எடுங்கள். பென் டிரைவில் ஒன்று, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் மின்னஞ்சலில் ஒன்று. வேலை செய்வது பிரதியில்தான்.

2. தரவுத்தளச் செயலியான அக்சஸ் 1992 இல் வந்தது. அதன் 97 ஆம் பதிப்பில் செய்த கோப்புகளை 2013 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் திறக்கா. 2007 அல்லது 2010 பதிப்பு உள்ள பழைய கணினி யார் வீட்டிலாவது இருந்தால், அதில் திறந்து புதிய வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள். அந்தக் கணினியைப் பழைய இரும்புக்குப் போட முன் இதைச் செய்துவிட வேண்டும்.

3. இன்னொரு தரவுத்தளச் செயலியான பொக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004 இல் வெளிவந்தது; 2015 ஜனவரியோடு அதற்கான ஆதரவும் நின்றது. அதன் சாதாரண அட்டவணைகளை இலவசமான லிப்ரே ஒபிஸ் கல்க் திறக்கும். அதே பெயரில் வேறு கோப்புகள் பக்கத்தில் கிடந்தால் அவற்றையும் சேர்த்து எடுங்கள். நீண்ட குறிப்புகள் அவற்றுக்குள்தான் இருக்கும்.

4. பாமினி எழுத்துருவில் உள்ள பட்டியல் என்றால் மிகக் கவனம். பாமினியில் 'இ' என்பது உண்மையில் காற்புள்ளி. நான் ஒருமுறை பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்த கோப்பாக எடுத்தேன். இராசம்மாவின் பெயர் இரண்டு கட்டங்களாக உடைந்து, அவரின் முகவரி தொலைபேசி எண்ணுக்குரிய கட்டத்துக்குப் போய்விட்டது. அரைப்புள்ளியால் பிரிக்கலாம் என்றால், பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளியே அதுதான். ஆகவே தாவல் விசையால் பிரித்து எடுங்கள். பிறகு யுனிகோடுக்கு மாற்றிவிட்டு, 'கௌரி', 'சௌந்தரம்' போன்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் 'ள' எழுத்தும் ஒரே விசை என்பதால், மாற்றியில் அவை 'கெளரி', 'செளந்தரம்' என்று விழக்கூடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் மட்டும் அகப்படாது. இதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனாலும் பரவாயில்லை, ஆட்களின் பெயர் அல்லவா.

5. எக்செலில் நேரே திறந்தால் 021 இல் தொடங்கும் யாழ்ப்பாணத் தொலைபேசி எண்களின் முன் பூச்சியம் காணாமற் போகும். கோப்பை உள்ளிறக்கும்போது அந்த நிரலை 'எழுத்து' வகை என்று குறித்துவிடுங்கள்.

6. நிலையத்துக்கு இணையத்தளம் இருந்தால், அதன் எழுத்துத் திருத்தியை மேம்படுத்துவதைத் தள்ளிப்போட வேண்டாம். சிகேஎடிட்டர் 4 என்ற திருத்திக்கான இலவச ஆதரவு 2023 ஜூனில் முடிந்தது. வேர்ட்பிரஸ் 2018 டிசம்பரிலேயே கட்டங்களாகத் திருத்தும் முறைக்கு மாறிவிட்டது. மாற்ற முன் பக்கங்களை முழுமையாகப் பிரதி எடுத்து, இரண்டு பழைய கட்டுரைகளில் பரீட்சித்துப் பாருங்கள். பாமினி இங்கேயும் மறிக்கும்: அதன் 'ஈ' எழுத்து, இணையப் பக்கத்தின் கட்டளை தொடங்கும் கூர் அடைப்புக்குறி. திருத்தி அதைக் கட்டளையென எடுத்து, பின்னால் வரும் சொற்களையும் விழுங்கக்கூடும். வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டும்போது கொன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும்.

7. மேசைக் கணினித் தரவுத்தளம் இனி எதற்கு, எல்லாம் இணையத்தில் வைக்கலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கரன்ட் போய், இணைப்பும் இல்லாத நாளில் கையில் இருக்கும் ஒற்றைக் கோப்புக்கு ஈடில்லை என்பது என் எண்ணம். 2000 இல் ரிச்சர்ட் ஹிப் எழுதிய எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம் அப்படி ஒற்றைக் கோப்பாக நிற்பது. உங்கள் கைத்தொலைபேசிக்குள்ளும் அதுவே இருக்கிறது. 2050 வரை பராமரிக்கும் எண்ணம் என்று அதை ஆக்கியவர்கள் அறிவித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் இதில் தொடங்கலாம். வருடத்துக்கு ஒருமுறை அதிலிருந்து சாதாரண எழுத்துக் கோப்பாகவும் எடுத்து வையுங்கள்.

8. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்னும் நினைவு மலர் அச்சடிக்கும்போது, புத்தகத்தோடு யுனிகோடில் உள்ள எழுத்துக் கோப்பையும் அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். வம்சாவளியும் ஊர்ப் பெயர்களும் அதில்தான் இருக்கின்றன. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறது. அவர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்கலாம்.