ரிப்பீட்டருக்கு வெளியிலிருந்து ஒரு மூளை

அன்புள்ள கயல்,

ஹாம் தேர்வில் தேறிய கையோடு, கிளப் ரிப்பீட்டருக்குத் தனிக் கன்ட்ரோலர் பூட்டப்போவதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்துவிட்டது. சால்டரிங் அயர்னைச் சூடாக்குமுன் இதைப் படித்துவிடு.

145.000 மெகாஹெர்ட்சில் கேட்பதை அக்கணமே 145.600-இல் திருப்பிச் சொல்ல, ரிப்பீட்டரின் உள்சர்க்யூட்டே போதும். அழைப்புக்குறியை மோர்ஸில் தானாக ஒலிக்கவும், இன்னொரு ரிப்பீட்டரோடு இணைக்கவும், வீட்டிலிருந்தே டோன் அழுத்தி அணைக்கவும்தான் கன்ட்ரோலர் தேவைப்படுகிறது.

அதைப் பூட்டியதும் உள் ரிப்பீட் வசதியை நிறுத்திவிடு. இல்லாவிட்டால் குரல் இரண்டு வழியாகவும் போகும். கன்ட்ரோலர் அணைக்கச் சொன்னாலும் டிரான்ஸ்மிட்டர் அடங்காது. உள்ளிருக்கும் டைம்-அவுட்டை மட்டும் எடுத்துவிடாதே. கன்ட்ரோலர் உறைந்துபோய் பிடிடியை (டிரான்ஸ்மிட்டரை இயக்கும் கம்பியை) விடாமல் பிடித்துக்கொண்டால், டிரான்ஸ்மிட்டரைக் காப்பது அதுதான். கன்ட்ரோலரில் ஒருவர் பேச 3 நிமிடம் வைத்தால், இதை அதைவிடத் தாராளமாக வை. ஆள் மாற்றி ஆள் பேசும்போது டிரான்ஸ்மிட்டர் இறங்காமலே நிற்குமல்லவா?

இனி கம்பிகள். ரிசீவர் ஒலி, டிரான்ஸ்மிட்டருக்குப் போகும் ஒலி, பிடிடி, கிரவுண்ட் ஆகியவற்றோடு, சிக்னல் வந்திருப்பதைச் சொல்லும் சிஓஎஸ். தலைவலி தருவது இந்தக் கடைசிக் கம்பிதான். சில ரேடியோக்களில் சிக்னல் வந்தால் 5 வோல்ட், சிலவற்றில் வந்தால் பூஜ்யம். மாற்றிப் போட்டால் யாரும் பேசாதபோது ரிப்பீட்டர் இரையும், பேசினால் வாயடைக்கும். கேபிள் செய்யுமுன் கைரேடியோவை அழுத்தி, மல்டிமீட்டரில் நீயே பார். முள் அசையவே இல்லையென்றால் ரேடியோ பழுதென்று நினைத்துவிடாதே. அந்தப் பின் தானாக வோல்ட் தராத ஓப்பன் கலெக்டராக இருக்கலாம். 5 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கொடுத்துப் பார்.

குரல் தகரம்போல் கீச்சிட்டால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும்: ரிசீவரின் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து நேரடியாக எடுக்கும் ஒலியில் உச்ச சுருதிகள் ஏற்கெனவே ஆக்டேவுக்கு 6 டெசிபெல் வீதம் ஏற்றப்பட்டிருக்கும். அதை மைக் பின்னில் கொடுத்தால் டிரான்ஸ்மிட்டர் மறுபடி ஏற்றும். அந்த ஒலியை, ஏற்றாமல் அப்படியே அனுப்பும் ஃபிளாட் உள்ளீட்டில் டிரான்ஸ்மிட்டருக்குக் கொடு. மைக் பின்தான் இருக்கிறதென்றால் ரிசீவரில் டீ-எம்ஃபசிஸ் செய்த, அதாவது அந்த ஏற்றத்தை இறக்கிய ஒலியை எடு. பிறகு 1 கிலோஹெர்ட்ஸ் டோனை 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் உள்ளே அனுப்பு; வெளியேயும் அதே 3 வரும்வரை கன்ட்ரோலரின் லெவலைத் திருகு.

எந்தப் பின்னில் என்ன வோல்ட் கண்டாய் என்று எழுதி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவை. மழைக்காலத்தில் அதைத் திறக்கப்போவது வேறொருவராக இருக்கலாம்.

அன்புடன்,
மாமா