பொங்கல் சந்தைக்குச் சரக்கு ஆயத்தம் செய்தல்

பயிரை விளைவிப்பதில் நம் குடியானவர்கள் எடுத்துக்கொள்ளும் பிரயாசை மிகப் பெரிது. விளைந்ததை விற்பதில் எடுத்துக்கொள்ளும் பிரயாசையோ மிகச் சிறிது. நெல் விஷயத்தில் இந்தக் குறை ஒருவாறு மறைந்துபோகிறது. தையில் விலை இல்லையென்றால் பங்குனி வரையில் குதிரில் போட்டு வைக்கலாம். பண்டிகைச் சரக்குக்கு அந்த வசதி இல்லை. செங்கரும்பும் மஞ்சள் கொத்தும் தை முதல் தேதிக் காலை வரையில் மங்கலப் பொருள்கள். மாட்டுப் பொங்கல் கழிந்தபின் அவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. ஒன்பது மாத உழைப்பின் பலன் சில நாள் விற்பனையில் அடங்கிக் கிடப்பதால், அந்தச் சில நாளைக்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்யவேண்டிய முறையை இங்கு எடுத்துக் கூறுவோம்.

1. கிராக்கியின் இயல்பு

தீபாவளி முதலிய பண்டிகைகள் திதியை ஒட்டி வருவதால் வருஷத்துக்கு வருஷம் பல நாள் முன்பின்னாக மாறும். பொங்கலோ சூரியனின் போக்கை ஒட்டியது. ஜனவரி 14 அல்லது 15-ந் தேதியில் வரும். வாங்குகிறவன் எந்த நாளில் வருவான் என்பது கரணை ஊன்றும்போதே தெரிந்திருப்பது பெரிய சௌகரியம்.

ஆனால் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே நாளில் வருகிறவர்கள் அல்லர். இவர்களை மூன்று வகுப்பாகப் பிரிக்கலாம். முதலாவது, பெண்ணைக் கட்டிக் கொடுத்தபின் தலைப்பொங்கலுக்குச் சீர் எடுத்துச் செல்லும் குடும்பத்தார். இவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே தேடுவார்கள். கரும்பு நெடியதாகவும் கோணலின்றியும், தோகை வாடாமலும் இருந்தால் விலையைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். இரண்டாவது, பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், ஆலைகள், அலுவலகங்கள். இவர்கள் விடுமுறைக்கு முன்பே பொங்கல் விழா நடத்துவதால் ஐந்தாறு நாள் முன்னதாக வாங்குவார்கள். மூன்றாவது, போகிக்கு முதல் நாளிலிருந்து பொங்கல் காலை வரையில் கடைத்தெருவில் வாங்கும் பொதுஜனங்கள். இவர்களே தொகையில் அதிகம். ஆனால் எல்லா ஊர்ச் சரக்கும் இவர்களை நாடியே வந்து குவிவதால், விலை எந்த மணியிலும் சரியக்கூடும். நம்மவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு வகுப்பாரையும் மறந்து மூன்றாம் வகுப்பாரை மட்டும் நம்புகிறார்கள்.

2. ஒரு நஷ்டத்தின் பாடம்

இதை எழுதுபவன் உத்தியோகத்தில் சேர்ந்த ஆரம்ப காலத்தில் செய்த பிழை ஒன்றைச் சொல்வது பிறருக்குப் பயன்படும். ஒரு சிறு குடியானவர் அரை ஏக்கரில் செங்கரும்பு வைத்திருந்தார். மார்கழி நடுவில் வயலுக்கு வந்த வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்கலாமா என்று எம்மிடம் யோசனை கேட்டார். முந்திய வருஷம் போகியன்று விலை ஏறியதை நினைத்து, “பொறுத்திருங்கள், கடைசி நாளில் டவுனுக்குக் கொண்டுபோய் விற்கலாம்” என்று சொன்னோம். எம்மைப்போலவே சுற்று வட்டாரம் முழுதும் நினைத்திருந்தது. போகியன்று விடியற்காலையில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. உச்சிப் பொழுதுக்குள் விலை பாதியாயிற்று. மிகுந்த கட்டுகளைத் திரும்ப ஏற்றிவரக் கூலி கட்டாது என்று அங்கேயே விட்டு வந்தார். அந்தப் பணத்தைக் கொண்டு மீட்கவேண்டிய மனைவியின் நகை அந்த வருஷம் அடகிலேயே இருந்தது. அவர் எம்மை ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. குறை எம்முடையது. ஒரு வருஷத்து விலையைக் கொண்டு மறு வருஷத்துக்கு யோசனை சொன்னதும், முழுச் சரக்கையும் ஒரே நாளில் தொங்கவிட்டதுமே அந்தப் பிழை.

ஒரே நாளை நம்புவது போலவே ஒரே கொள்முதல்காரரை நம்புவதும் ஆபத்து. 2023-ம் வருஷப் பொங்கலுக்கு அரசாங்கம் குடும்ப அட்டைதாரர்களுக்கு அளிக்கும் பரிசுப் பொருள்களில் கரும்பு இல்லையென்று 2022 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது, அதை எதிர்பார்த்துப் பயிர் செய்தவர்கள் திகைத்துப் போனார்கள். விவசாயிகள் முறையிட்டபின் முழுக் கரும்பு ஒன்று சேர்க்கப்பட்டது. ஆனாலும் இடைப்பட்ட நாட்களில் அவர்கள் பட்ட கவலை மறக்கத்தக்கதன்று.

3. சரக்கைப் பங்கிடுதல்: ஒரு மாதிரிக் கணக்கு

கீழ்க்கண்ட தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவையே. அவரவர் ஊர் விலையையும் கூலியையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

ஒருவரிடம் 2,000 கரும்பு, கட்டுக்கு 20 வீதம் 100 கட்டு இருப்பதாகக் கொள்வோம். வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் தன்னுடையது என்று சொல்லி வயலிலேயே வியாபாரி கட்டுக்கு 250 ரூபாய் கேட்டால், வரவு 25,000 ரூபாய். டவுனில் கட்டு 400 ரூபாய் விற்கிறது என்று கேள்விப்பட்டு முழுவதையும் அங்கே கொண்டுபோனால், வெட்டிக் கட்ட 30, லாரிக்கு 60, இறக்க 10 ஆகக் கட்டுக்கு 100 ரூபாய் செலவு; நூற்றுக்குப் பத்து வீதம் தரகு 40. எல்லாம் விற்றாலும் மிஞ்சுவது 26,000. பதினைந்து கட்டு விற்காமல் நின்றுவிட்டால் 20,600 தான் மிஞ்சும். ஆயிரம் ரூபாய் அதிக லாபத்தை எண்ணி 4,400 ரூபாயைப் பணயம் வைத்ததாகும்.

இதற்குப் பதிலாக 50 கட்டை மார்கழி முற்பகுதியிலேயே வியாபாரிக்குப் பேசி முடித்தால் 12,500. முப்பது கட்டைத் தம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் முன்கூட்டியே சொல்லி வைத்து, ஒற்றைக் கரும்பு 25 ரூபாய்க்குக் கொடுத்தால் கட்டுக்கு 500. வெட்டுக்கும் வண்டிக்கும் 50 போக, நிகரம் 13,500. மிகுதி 20 கட்டை மட்டும் கடைசிச் சந்தைக்கு அனுப்பினால் 5,200. ஆக 31,200. அந்த இருபதில் ஐந்து கட்டு நின்றுபோனாலும் 29,400 கைக்கு வரும். நஷ்டம் நேர்ந்தாலும் அது தாங்கக்கூடிய அளவில் நிற்பதே இந்தப் பங்கீட்டின் நன்மை.

4. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுதல்

சித்திரை, வைகாசியில் கரணை ஊன்றிய கரும்புக்குக் காலத்தில் சோகை உரித்து, கழி நட்டுக் கட்டி வரவேண்டும். சாய்ந்து வளைந்த கரும்பு சீருக்கு உதவாது. கார்த்திகைக் கடைசியில் வயலைச் சுற்றிப் பார்த்து, நல்லவை எத்தனை, நடுத்தரம் எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்க. மார்கழி முதல் வாரத்தில் வியாபாரியோடு பேச்சை முடித்து எழுதிக்கொள்க. இரண்டாம் வாரத்தில் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் நேரில் சென்று, இரண்டு மாதிரிக் கரும்பைக் காட்டிச் சொல்லி வைக்கவேண்டும். தலைப்பொங்கல் சீர் எந்தெந்த வீட்டில் என்பதை ஊரிலுள்ள பெண்மக்கள் நன்கு அறிவார்கள். அவர்களைக் கேட்டுக் கணக்கெடுப்பது நலம். கைப்பேசி வைத்திருப்பவர்கள் தோட்டத்தின் படத்தையும் விலையையும் தெரிந்தவர்களுக்கு அனுப்பலாம். வெட்டும் ஆட்களுக்கும் லாரிக்கும் இப்போதே சொல்லிவிடுக. சம்பா அறுப்பும் அதே சமயத்தில் வருவதால் கடைசியில் ஆள் கிடைப்பது அரிது.

வெட்டிய கரும்பு நாளுக்கு நாள் எடையும் இனிப்பும் குறையும். ஆகையால் கொடுக்கவேண்டிய நாளுக்கு முதல் நாள் வெட்டி, நிழலில் வைத்து, தோகையில் நீர் தெளித்து வரவேண்டும். மஞ்சள் கொத்து இன்னும் மென்மையானது. இலை வாடினால் வாங்குவார் இல்லை. மாலையில் பிடுங்கி மண்ணைக் கழுவி, குவியலாகப் போடாமல் ஈரச் சாக்கு மூடி விடியலில் சந்தை சேர்ப்பது உத்தமம்.

5. எழுத்தும் தரமும்

வாய்ப் பேச்சை நம்பி முன்பணம் வாங்குவதால் விளையும் வழக்குகள் அநேகம். கரும்பின் எண்ணிக்கை, கட்டுக்கு எத்தனை, குறைந்தபட்ச உயரம், வெட்டும் தேதி, கூலி யாருடையது, முன்பணம் எவ்வளவு, பாக்கி என்றைக்கு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடவேண்டும். புயலில் சேதமானால் நஷ்டம் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதுக. 2011 டிசம்பர் 30-ந் தேதி ‘தானே’ புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியபோது பொங்கலுக்கு இரண்டே வாரம் இருந்தது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

கட்டின் வெளிப்புறம் நல்ல கரும்பும் உள்ளே நோஞ்சலும் வைத்துக் கட்டுவது ஒரு நாள் வியாபாரம். அடுத்த வருஷமும் அதே வாசலுக்குப் போகவேண்டியவர் அதைச் செய்யலாகாது. நடுத்தரத்தைத் தனியே கட்டிக் குறைந்த விலை சொன்னால் அதற்கும் ஆள் உண்டு.

வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கும் இதுவே விதி. நூறு கிலோ ஆலைக் கரும்பில் ஏறக்குறைய பத்துக் கிலோ வெல்லம் கிடைக்கும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்னும் சோடியம் ஹைட்ரோசல்பைட் உப்பைச் சிலர் போடுகிறார்கள். வெல்லத்தில் இதற்கு அனுமதி இல்லை. வெண்டைச் சாற்றால் அழுக்கு நீக்கிய வெல்லம் சற்றுப் பழுப்பாகவே இருக்கும். அதன் காரணத்தை வாங்குகிறவரிடம் சொல்லி, சிறிது வாயில் போட்டுப் பார்க்கக் கொடுத்தால் நிறத்தைப் பற்றிய கேள்வி நின்றுவிடும். பொட்டலமாக விற்பவர் எடை, விலை, கட்டிய தேதி, தம் விலாசம் ஆகியவற்றை அச்சிடுவதும், 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிந்துகொள்வதும் அவசியம்.

6. கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

1999 நவம்பர் 14-ந் தேதி மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளில் தரகு இல்லை, தராசும் இலவசம். ஆனால் அடையாள அட்டை இல்லாதவருக்கு அங்கே இடமில்லை. பயிர்ச் சான்று கேட்டு வரும் குடியானவரை மார்கழிக் கடைசி வரையில் அலையவிடாமல், ஐப்பசி கார்த்திகையிலேயே நிலத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் அதுவே பேருதவி. நாலைந்து சிறு குடியானவர்களைச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்ப ஏற்பாடு செய்தால் கூலி பங்காகும்.

வரும் பொங்கலுக்குக் கரும்பு வைத்திருப்போர் இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, தை முதல் தேதியை அடியில் எழுதி, மேற்கண்ட வேலைகளை ஒவ்வொன்றாக மேலே எழுதிக்கொண்டு போகட்டும். விற்பனைக்கு இடம் தெரிந்தபின் வெட்டுகிறவருக்குப் போகியன்று இரவு நல்ல தூக்கம் வரும்.