ஏலக்காய் ஊரில் வாய்க்கு விலை உண்டு

அன்புள்ள தாயி கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே பூப்பாறையில் எல்லாரும் சுகம். உன் பெரியம்மாவின் முழங்கால் வலி மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. சாரல் விடாமல் அடிக்கிறது. செல்போனில் பேசினால் பாதிதான் கேட்கிறது, அதனால்தான் கடுதாசி. போடிக்கு இறங்குகிற ஜீப்பில் கொடுத்துவிடுகிறேன். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு குலுங்கி வருகிற காகிதம், கசங்கியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே.

ஏலக்காய் வியாபாரிக்கு நீ பெர்சனல் அசிஸ்டென்ட் ஆன சேதி கேட்டு உன் சித்தப்பன், "போனை எடுத்து வணக்கம் சொல்ற வேலைதானே" என்றான். அவனுக்கு என்ன தெரியும்! எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாகக் காலம் தள்ளியவன் நான். ஒரு முதலாளியின் காரியம் உருப்படுவதும் குட்டிச்சுவராவதும் பக்கத்து மேசைக்காரர் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உன் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கவலையெல்லாம் உன் வாயைப் பற்றித்தான். உன் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, பேச்சு முடிவாகும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்று உன் அம்மா படித்துப் படித்துச் சொன்னாள். வந்தவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் எதிர்வீடு, பக்கத்து வீடு, பால்காரர் வரைக்கும் தெரிந்துபோனது. வீட்டில் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறோம். நீ இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்தில் சிரிக்க மாட்டார்கள், தாயி.

போடியிலும் மலைமேல் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலம் நடக்கிறதே, அதை ஒருநாள் நின்று கவனி. சாம்பிள் காயைத் தட்டில் கொட்டுவார்கள். எட்டு மில்லிமீட்டர் தேறுமா, பச்சை நிறம் நிற்கிறதா, எத்தனை காய் வெடித்திருக்கிறது என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் விலை போடுவார்கள். உன் முதலாளி எந்த லாட்டுக்கு எவ்வளவு வரைக்கும் போவார், வடக்கேயிருந்து யார் எவ்வளவு சரக்குக் கேட்டிருக்கிறார், குடோனில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்பதெல்லாம் முன்கூட்டியே உன் காதில் விழுந்திருக்கும். 2018 பெருவெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் ஏலக்காடு அழிந்துபோய், 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய் இது. "எங்க முதலாளி இன்னைக்கு ஒரே டென்ஷன்" என்று டீக்கடையில் நீ சும்மா சொன்னால்கூடப் போதும், சரக்கு மாட்டிக்கொண்டது என்று கேட்கிறவன் புரிந்துகொள்வான். ஆபீசில் கேட்டது எதுவும் உன் சொத்து இல்லை. அதை வெளியே எடுத்துக் கொடுக்க உனக்கு உரிமையும் இல்லை.

அடுத்தது, எழுதி வை. உனக்கு ஞாபகசக்தி அதிகம்தான், இருந்தாலும் அதை நம்பாதே. யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார்கள், என்ன பதில் சொன்னோம், எல்லாம் நோட்டில் ஏறட்டும். மலையிலிருந்து பேசுகிறவர்களில் நிறையப் பேர் மலையாளத்தில் பேசுவார்கள். புரியாமல் "சரி, சரி" என்று தலையாட்டாதே. அறுபதும் எழுபதும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். லாட் நம்பரையும் எடையையும் ஒருமுறை நீ திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகு போனை வை.

வெளியூர் வியாபாரி வருகிறார் என்றால் ரயில் விவரம் உன் நாக்கு நுனியில் இருக்கட்டும். 2010 கடைசியில் நின்ற போடி ரயில் 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. சென்னை வண்டி எல்லா நாளும் கிடையாது. வராத வண்டிக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டு அசடு வழியாதே. மெட்டு ஏறுகிற நாளென்றால் மண்சரிவு உண்டா, பாதை திறந்திருக்கிறதா என்று முதல்நாளே விசாரி. முதலாளி கேட்ட பிறகு விசாரிப்பது எல்லாரும் செய்கிற வேலை. கேட்பதற்கு முன்னால் பதில் தயாராக இருந்தால்தான் உனக்கு அங்கே வேலை.

காய்க்குப் பணம் எப்போது வரும் என்று கேட்டுச் சின்ன விவசாயிகள் வருவார்கள். ஈர வேட்டியோடு, காலில் சேறோடு, உள்ளே வரலாமா என்று வாசலிலேயே தயங்குவார்கள். முதலில் உட்காரச் சொல், தண்ணீர் கொடு. முதலாளி உள்ளே இருக்கும்போது "இல்லை" என்று சொல்லி அனுப்பாதே. "இப்ப பார்க்க முடியாதுங்கய்யா, வியாழக்கிழமை வாங்க, நான் சொல்லி வைக்கிறேன்" என்று சொல்லலாம், அதில் பொய் இல்லை. சொன்னபடி வியாழக்கிழமை நீயே ஞாபகப்படுத்தவும் வேண்டும்.

கெட்ட சேதியை ஒளிக்காதே. சாப்பிட்டு முடிக்கட்டும், கோபம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டால் சேதி இன்னும் கெட்டுப்போகும். தனியாக, நாலே வார்த்தையில் சொல். கூடவே என்ன செய்யலாம் என்பதையும் சொல்.

எஸ்டேட் ஸ்டோரில் காய் காயவைக்கிறவரைப் பார்த்திருக்கிறாய். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் வற்றி ஒரு கிலோ ஆகும்வரை ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து சூடு பார்ப்பார். ஏலத்தில் காயின் நிறத்தை மெச்சுவார்கள், அவர் பேர் யாருக்கும் தெரியாது. உன் வேலையும் அப்படித்தான். பேர் வரவில்லையே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

பேர் வராமலே போய்விடும் என்றும் நினைக்காதே. மகாதேவ் தேசாய் 1917-ல் காந்தியிடம் செயலாளராகச் சேர்ந்தார். 1942 ஆகஸ்ட் 15 அன்று ஆகா கான் மாளிகைச் சிறையில் உயிர் போகும்வரை கூடவே இருந்தார். காந்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அவர் நாட்குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள். 1938-ல் கஸ்தூர்பாவும் மகாதேவின் மனைவி துர்காவும் பூரி கோவிலுக்குள் போய்விட்டார்கள். அப்போது தலித் மக்களை உள்ளே விடாத கோவில் அது. நீ எடுத்துச் சொல்லித் தடுத்திருக்க வேண்டாமா என்று காந்தி கடிந்துகொண்டது மகாதேவைத்தான். மனம் நொந்த மகாதேவ், விலகிக்கொள்கிறேன் என்று காந்தியிடமே எழுதிக் கொடுத்தார். காந்தி விடவில்லை. யாரிடம் வருத்தமோ அவரிடமே சொல்லிவிட வேண்டும் தாயி, அடுத்த மேசையில் போய்ப் புலம்பக் கூடாது.

ஒன்றை மட்டும் பெரியப்பா கண்டிப்பாகச் சொல்கிறேன். எவ்வளவு அவசரம் என்றாலும், அவரே சொன்னாலும், அவர் கையெழுத்தை நீ போடாதே. தப்பான பில் எழுதாதே. விசுவாசம் என்ற பேரில் அதெல்லாம் கேட்டால், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு. நமக்குச் சோறு இல்லாமல் போகாது.

மதியம் நேரத்துக்குச் சாப்பிடு. உன் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வருகிறதாம், உன் அம்மா சொன்னாள். காய் எடுப்பு தொடங்கிவிட்டால் உனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்துவிட்டுப் போ. பெரியம்மா உனக்காக மிளகு ரசம் வைத்துத் தருவாள். ஊர்க்கதையெல்லாம் பேசலாம். ஆபீஸ் கதை மட்டும் வேண்டாம், நானே துருவித் துருவிக் கேட்டாலும் சொல்லாதே.

ஆசீர்வாதத்துடன்,
உன் பெரியப்பா